ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடமுன்னம் கடைசி வீட்டு வாசலில் நின்று பாருங்கள்

வல்வெட்டித்துறையில் இப்போது காணி பிரித்து விற்கிற தரகர் யாரைக் கேட்டாலும் ஒரு வசனம் சொல்வார். "பத்தடிப் பாதை விட்டிருக்கு சேர், லொறியே போகும்." நில அளவைப் படத்திலும் அது வடிவாகத்தான் இருக்கும். நீளமாக ஒரு பாதை, அதன் கரையில் இரண்டு பரப்பு, இரண்டரைப் பரப்பு என்று வளவுகள். அந்தப் பாதை யாருடையது, அதற்குக் கொங்கிறீற் போடும்போது யார் எவ்வளவு கொடுப்பது, அதில் விழுகிற மழை யாருடைய முற்றத்துக்குப் போவது என்று படத்தில் இருக்காது. தரகரும் சொல்லமாட்டார். அவர் தரகுக் காசை வாங்கிக்கொண்டு அடுத்த காணிக்குப் போய்விடுவார்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கையில் ஆறு வளவு. எல்லாம் ஒரே பக்கத்தில். மற்றப் பக்கம் முழுக்க வேறொருவரின் தோட்ட மதில். நீளம் 60 மீற்றர். கொங்கிறீற் போட எடுத்தது நான்கு நாள். பேசி முடிக்க எடுத்தது ஒன்றரை வருடம். 1938 இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அத்திலாந்திக் சமுத்திரம் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்த ஊர் இது. அந்த ஊரில் 60 மீற்றருக்கு ஒன்றரை வருடம் எடுத்தோம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஒழுங்கையும் இப்படித்தான் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொது ஒழுங்கை ஒன்றுக்குக் கொங்கிறீற் போடுவதென்றால் கணக்கும் மட்டமும் இரண்டும் கடைசி வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். நாங்கள் பார்த்த இடமெல்லாம் அது றோட்டுக்கரை வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. காசு உள்ளவர், குரல் உள்ளவர், வாகனம் உள்ளவர் அங்கேதான் இருக்கிறார். மேசனும் முதலில் அவரைத்தான் சந்திக்கிறார்.

கடைசி வீடு என்றால் என்னவென்று சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அண்ணை கடற்றொழில் செய்பவர். அவருடைய தாயார் பாரிசவாதம் வந்து படுக்கையில். ஒரு மார்கழி இரவு அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. 1990 அம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. 2018 இல் அந்தச் சேவை வடக்குக்கு வந்ததிலிருந்து எத்தனை உயிர் தப்பியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். (1990 என்ற இலக்கம் எங்கள் வீட்டில் வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். அதற்குப் பிறகு வருகிறோம்.) ஆனால் வண்டி ஒழுங்கை முகப்பிலேயே நின்றுவிட்டது. உள்ளே முழங்கால் அளவு சேறு. பிளாஸ்ரிக் கதிரையில் அம்மாவை இருத்தி நான்கு பேர் 60 மீற்றர் தூக்கிக்கொண்டு போனோம். மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அம்மா பிழைத்துக்கொண்டா. அடுத்த நாள்தான் ஒழுங்கையில் முதன்முதலாக எல்லா வீட்டாரும் ஒன்றாக நின்று கதைத்தார்கள்.

கதைத்தவுடன் வந்த முதல் கேள்வி காசு. வந்திருக்கவேண்டிய முதல் கேள்வி உறுதி.

எங்கள் பகுதி உறுதிகளில் நான்கு எல்லையும் எழுதிய பிறகு வான்பயிர், செய்பயிர், கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் என்று ஒரு வால் வரும். காணி வாங்குகிறவர் எல்லையை மூன்று தரம் வாசிப்பார், பரப்பை ஐந்து தரம் வாசிப்பார், இந்த வாலை வாசிக்கமாட்டார். ஒழுங்கையின் விதி முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது. சில உறுதியில் ஒழுங்கை நிலத்திலேயே உங்களுக்குப் பிரிக்கப்படாத பங்கு இருக்கும். சிலதில் நிலம் வேறொருவருடையது, உங்களுக்குப் போய்வரும் உரிமை மட்டும். இரண்டும் ஒன்றல்ல. பங்கு இருந்தால் நீங்கள் உடைமையாளர். போய்வரும் உரிமை மட்டும் என்றால், மற்றவரின் நிலத்தில் நிரந்தரமாக ஒன்றைக் கட்டமுன் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். "அவர் நல்ல மனுசன், ஓம் எண்டவர்" என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் செல்லாது. அந்த வருடத்து 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி உரிமை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் உரிமை.

எங்கள் ஒழுங்கை ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த வளவு. பிறகு மூன்று துண்டு கைமாறிவிட்டது. ஆறு உறுதியையும் ஒரு மேசையில் வைத்து வாசித்தபோது நான்கில் பங்கு என்றும் இரண்டில் பாவிப்புரிமை என்றும் இருந்தது. ஒரே ஒழுங்கைதான், ஒரே நொத்தாரிசும்கூட! பங்கு என்று இருந்தால் இன்னொரு விடயமும் வரும். தேசவழமையின் முற்கொள்வனவு உரிமை, அதாவது பங்காளி வெளியாளுக்கு விற்கமுன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பது, 1947 இன் 59 ஆம் இலக்கச் சட்டமாக இன்றும் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுத்த வழமை, நாளைக்கு உங்கள் விற்பனையில் வந்து நிற்கக்கூடும். ஒழுங்கைப் பங்கு அதற்குள் வருமா என்பதை உங்கள் உறுதியைக் காட்டி உங்கள் சட்டத்தரணியிடமே கேளுங்கள். முகநூலில் கேட்கவேண்டாம், எங்களிடமும் கேட்கவேண்டாம்.

இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் இந்த வால் இன்னும் முக்கியம். எங்கள் பெற்றோர் 1990 ஒக்ரோபர் 30 அன்று சோனகதெருவை விட்டுப் போனவர்கள். ஒரு குடும்பமாகப் போய் நான்கு குடும்பமாகத் திரும்பி வந்தார்கள். வீடு இருந்த இடம் அத்திவாரத்தை வைத்துத் தெரிந்தது. வீட்டுக்குப் போன ஒழுங்கை தெரியவில்லை. அதன் மேல் மரம் வளர்ந்து, இரண்டு பக்கத்து எல்லையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. மயிலிட்டிப் பக்கம் பாதுகாப்பு வலயம் விட்டுத் திரும்பியவர்களும் இதே கதையைச் சொல்வார்கள். வீடு தொலைந்தால் ஊர் அழும். ஒழுங்கை தொலைந்தால் அதை இழந்தவர் மட்டும்தான் கச்சேரி கச்சேரியாக அலையவேண்டும். பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்தால் உரிமை என்கிறது 1871 இன் ஆட்சியுரிமைச் சட்டம். ஆனால் 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்து, போரால் தன் உரிமையைக் கேட்டு வழக்காட முடியாமல் போனவருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. நல்ல சட்டம். அதைப் பயன்படுத்தும் காலம் குறுகியதாக இருந்தது, விபரமும் எங்கள் சனத்துக்குப் போய்ச் சேரவில்லை.

உறுதிக்குப் பிறகு நாடா. முந்தி எங்கள் ஊர்களில் கதியால் வேலி இருந்தது. கிளுவையும் பூவரசும் நட்டுக் கிடுகு கட்டுவார்கள். வருடாவருடம் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு விரற்கடை அரக்கும். அடுத்த வருடம் மற்றப் பக்கம் அரக்கும். சண்டை வரும், கத்தி வரும், வழக்கு வரும், ஆனால் ஒழுங்கை இளகிய பொருளாக இருந்தபடியால் திருத்த வழி இருந்தது. இப்போது எல்லாம் மதில். அதன் நடுவில் கொங்கிறீற்றையும் ஊற்றிவிட்டால் இருக்கிற பிழையெல்லாம் நிரந்தரம். எங்கள் ஒழுங்கை படத்தில் 10 அடி. நாடா பிடித்தபோது இரண்டாம் வீட்டு மதிலடியில் 9 அடி 2 அங்குலம். மதிலை இடிக்கச் சொல்லவில்லை. அந்த 10 அங்குலம் ஒழுங்கை நிலம்தான், மதில் திருத்திக் கட்டும் காலத்தில் பின்வாங்கும் என்று எழுதி, அந்த வீட்டாரும் கையெழுத்து வைத்தார்கள். அதற்கு மட்டும் நாலு மாதம் போனது.

இனிக் காசு.

மொத்தச் செலவு 100 ரூபா என்று வையுங்கள். ஆறு வீடு. ஆளுக்கு ஆறில் ஒன்று, அதாவது 16 ரூபா 67 சதம் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. முதல் வீட்டு அண்ணை உடனே எழும்பினார். "என்ர கேற்றுக்கு 10 மீற்றர் போதும். மிச்ச 50 மீற்றருக்கு நான் ஏன் குடுக்கோணும்?" அவரைக் கஞ்சன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அவருடைய கேள்வி நியாயமான கணக்குக் கேள்வி. அதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு விடையும் இருக்கிறது.

விமான நிலைய ஓடுபாதையில் இதே பிரச்சினை உண்டு. சின்ன விமானத்துக்குக் குறுகிய ஓடுபாதை போதும், பெரியதுக்கு நீளமானது வேண்டும், செலவை எப்படிப் பிரிப்பது? 1973 இல் லிற்றில்சைல்ட், ஓவன் என்ற இருவர், லொயிட் ஷாப்லி 1953 இல் சொன்ன ஒரு சூத்திரத்தை இதற்குப் பிரயோகித்துக் காட்டினார்கள். (ஷாப்லிக்கு 2012 இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.) விடை ஒரு ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கு. பாதையைத் துண்டு துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டின் செலவையும் அந்தத் துண்டைப் பாவிக்கிறவர்கள் மட்டும் சமமாகப் பிரிக்கட்டும். முதல் 10 மீற்றரை ஆறு வீடும் பாவிக்கிறது, அதை ஆறாகப் பிரி. அடுத்த 10 மீற்றரை ஐந்து வீடு. இப்படியே போனால் கடைசி 10 மீற்றர் கடைசி வீட்டுக்கு மட்டும்.

கூட்டிப் பாருங்கள். முதல் வீட்டுக்கு வருவது 2 ரூபா 78 சதம். இரண்டாம் வீட்டுக்கு 6 ரூபா 11. மூன்றாவதுக்கு 10 ரூபா 28. நான்காவதுக்கு 15 ரூபா 83. ஐந்தாவதுக்கு 24 ரூபா 17. கடைசி வீட்டுக்கு 40 ரூபா 83 சதம்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஆட்சேபனை கணக்குக்கு வெளியில் இருந்து வருகிறது. பெரிய விமானத்தை வாங்குகிறவன் அதன் பருமனைத் தெரிந்துதான் வாங்குகிறான். கடைசி வளவை அந்தப் பிள்ளை தெரிந்து எடுக்கவில்லை. தாய் மூத்தவளுக்கு றோட்டுக்கரையும் இளையவளுக்குப் பின்பக்கமும் எழுதினா, அவ்வளவுதான். ஒழுங்கைக்கு விட்ட நிலமோ எல்லாப் பங்கிலிருந்தும் ஒரே அளவில் வெட்டி எடுத்தது. நிலத்தைச் சமமாகக் கொடுத்தவள் கொங்கிறீற்றுக்கு மட்டும் பதினைந்து மடங்கு கொடுக்கவேண்டுமா?

இன்னொன்று, இதுதான் முதல் வீட்டு அண்ணையைக் கடைசியில் இளக வைத்தது. கடைசி வீட்டால் அந்த 40 ரூபாவைக் கட்ட முடியாவிட்டால் என்ன நடக்கும்? கொங்கிறீற் ஐந்தாம் வீட்டோடு நிற்கும். பல ஒழுங்கைகளில் அப்படி நின்றிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 50 மீற்றர் கொங்கிறீற்றில் விழுந்த மழை முழுக்க அந்த மிச்சம் 10 மீற்றர் மண்ணில் போய் விழும். முன்னம் சேறாக இருந்த இடம் பிறகு குளம். மற்ற ஐந்து வீட்டாரும் தங்கள் காசைப் போட்டு ஒரு வீட்டை முன்னையைவிட மோசமாக்குவார்கள்.

ஆகவே பாதிக்குப் பாதி என்று முடித்தோம். 50 ரூபாவை ஆறு பேரும் சமமாக, மற்ற 50 ரூபாவை ஓடுபாதைக் கணக்குப்படி. அப்போது முதல் வீட்டுக்கு 9 ரூபா 72 சதம், கடைசி வீட்டுக்கு 28 ரூபா 75 சதம். இது தெய்வ வாக்கு அல்ல. உங்கள் ஒழுங்கையில் வேறு விகிதம் பொருந்தலாம். ஆனால் ஒரு விகிதத்தைச் சொல்லி, அது ஏன் என்று எல்லாருக்கும் விளங்கும்படி சுவரில் எழுதி ஒட்டினால் சண்டை பாதியாகக் குறையும். எங்கள் அனுபவத்தில் சனம் கூடக் காசு கொடுப்பதற்கு அவ்வளவு கோபப்படுவதில்லை. தங்களுக்கு விளங்காத கணக்குக்குத்தான் கோபப்படுகிறது.

மூன்றாம் வீட்டு ஆச்சி தனி. பிள்ளைகள் இல்லை, வாகனம் இல்லை, பென்சன் இல்லை. "நான் செத்தா என்னைத் தூக்கிக்கொண்டு போறதுக்குத்தானே மோனை உந்த றோட்டு" என்று சிரித்தா. அவவை விட்டுவிடுவோம் என்று சிலர் இரக்கப்பட்டுச் சொன்னார்கள். நாங்கள் அதை எதிர்த்தோம். இன்றைக்குப் பங்கு கொடுக்காதவருக்கு நாளைக்கு ஒழுங்கையில் பேச்சு இருக்காது. அவவின் கிணறுதான் ஒழுங்கைக்குக் கிட்ட. ஏழு நாள் கொங்கிறீற் நனைக்கத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் எடுத்தோம். மோட்டருக்கான மின்சாரச் செலவு, தண்ணீர், வேலையாட்களின் தேநீர் எல்லாவற்றையும் கொப்பியில் ஆச்சியின் பங்காக எழுதி, குறைந்ததை மற்றவர்கள் அதே விகிதத்தில் நிரப்பினார்கள். (நோன்பு நாட்கள் அவை. நாங்கள் தேநீர் குடிக்காமல் வெயிலில் நிற்பதைப் பார்த்து ஆச்சிதான் அதிகம் கவலைப்பட்டா.)

நான்காம் வளவு வெறும் காணி. சொந்தக்காரர் கனடாவில். வட்ஸ்அப் குழுவில் இரவு ஒரு மணிக்குக் குரல் பதிவு வரும். ஒருநாள் வந்தது: "ஏன் ஆளாளுக்கு அடிபடுறியள்? முழுக் காசும் நான் தாறன். அப்பான்ர பேரில முகப்பில ஒரு கல்லுப் போட்டு விடுங்கோ." குழுவில் உடனே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நாங்கள் வாடகைக்காரர், காசுக் கணக்கு எழுதுவதற்காக வாத்தியார் என்று சேர்த்துக்கொண்டவர்கள். என்றாலும் வேண்டாம் என்று சொன்னோம்.

புலம்பெயர்ந்த உறவுகளின் காசில்தான் எங்கள் கோயிலும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடக் கட்டடமும் நிற்கிறது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் ஆறு பேரின் பொது ஒழுங்கையை ஒருவர் தனியாகக் கட்டினால் ஐந்து வருடத்தில் அது அவருடைய ஒழுங்கை. முதலில் பெயர்க்கல், பிறகு "என்ர றோட்டில உழவு மெசின் ஓட்டாதேங்கோ", பிறகு முகப்பில் ஒரு இரும்புக் கேற், பிறகு அதன் திறப்பு யாரிடம் என்ற கேள்வி. அவர் கெட்டவர் என்பதால் இல்லை. தன் காசு புதைந்த இடத்தை யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர் தன் 16 ரூபா 25 சதத்தைக் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க விரும்பியதை முகப்பில் ஒரு விளக்குக்கு வாங்கிக்கொண்டோம். கொஞ்ச நாள் குரல் பதிவு வரவில்லை. இப்போது வருகிறது.

எல்லாரும் காசைப் பற்றிக் கதைத்த அந்த ஒன்றரை வருடத்தில் தண்ணீரைப் பற்றிக் கதைத்தது கடைசி வீட்டு அண்ணை மட்டும்தான். அவர் கடலை வாசிக்கிறவர், நீர் எங்கே போகும் என்று அவருக்குப் படம் தேவையில்லை.

பெரிய றோட்டுக்குத் தார் மேல் தார் போட்டு உயர்ந்துகொண்டே போகிறது. பழைய வீடுகள் எல்லாம் றோட்டுக்குக் கீழே போய்விட்டன. எங்கள் ஒழுங்கை றோட்டிலிருந்து உள்ளே போகப் போகத் தாழ்வு. கடைசி வீடுதான் தாழ்ந்த வீடும். மேசன் சொன்ன திட்டம் இருக்கிற மண்ணுக்கு மேல் கிறவல் போட்டு, அதற்கு மேல் ஐந்து அங்குலக் கொங்கிறீற். அப்படிச் செய்தால் கடைசி வீட்டு வாசற்படியைவிட ஒழுங்கை உயரம்.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்து காட்டுவதுண்டு. 60 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 180 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 18,000 லீற்றர். வீடுகளின் மேல் இருக்கிற கறுப்பு ஆயிரம் லீற்றர் தாங்கி பதினெட்டை ஒரு முற்றத்தில் கவிழ்த்துப் பாருங்கள். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும் 2020 டிசம்பரில் புரெவியின்போதும் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீரை றோட்டு வாய்க்காலுக்கு அனுப்பிக் கடலில் விட்டால் சரிதானே என்று இரண்டாம் வீட்டுத் தம்பி கேட்டார். அதற்கும் நாங்கள் உடன்படவில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் மழை இறங்கித் தேங்குவதுதான் எங்கள் கிணறு. வருடத்தில் ஏறத்தாழ 1,200, 1,300 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதத்தில் நிலத்துக்குள் இறங்காதது அடுத்த ஆவணியில் கிணற்றில் இருக்காது, கரையோரமான எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு உவர்தான் ஏறும். ஒரு ஒழுங்கையால் ஊர்க் கிணறு வற்றிவிடாது, உண்மை. ஆனால் வல்வெட்டித்துறையில் எத்தனை ஒழுங்கை? எத்தனை முற்றத்துக்கு இப்போது கல் பதிக்கிறார்கள்?

கடைசியில் செய்தது இதுதான். மண்ணை மேலே போடாமல் முதலில் தோண்டி எடுத்தோம். கடைசி வீட்டு வாசற்படிக்கு ஆறு அங்குலம் கீழே ஒழுங்கையின் மேல்மட்டம் வரவேண்டும் என்று அங்கே முளை அடித்து, அங்கிருந்து றோட்டுப் பக்கமாக நூல் பிடித்தோம். 10 அடியையும் மூடாமல் நடுவில் 8 அடிக்கு மட்டும் கொங்கிறீற். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி, உடைத்த கல் நிரப்பிய அகழி. அகலத்தில் 50க்கு 1 சாய்வு, தோட்ட மதில் பக்கமாக. அந்தப் பக்கத்தில் கிணறும் இல்லை, மலசலகூடக் குழியும் இல்லை. இரண்டு பரப்பு வளவுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு குழி என்று நெருங்கி இருக்கும்போது மழைநீரை எங்கே இறக்குவது என்பதைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். 8 அடியாக்கியதில் கொங்கிறீற்றும் குறைந்தது. ஐந்து அங்குலத் தடிப்புக்கு 18 கனமீற்றர். முழு அகலமும் போட்டிருந்தால் இருபத்திரண்டரை. தண்ணீருக்கு இடம் விட்டதில் ஐந்தில் ஒரு பங்கு செலவு மிச்சம்.

வேலை நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம், மேசன்மார் கோபிக்கவேண்டாம். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை, கனமீற்றருக்கு எட்டு மூடை சீமெந்து அளவில் பிடிக்கும். கீழே கிறவலை நனைத்து இறுக்காமல் மேலே எவ்வளவு சீமெந்து போட்டாலும் வெடிக்கும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு வெட்டு, தடிப்பில் கால்வாசி ஆழம். நீங்கள் வெட்டாவிட்டால் கொங்கிறீற் தானே வெட்டிக்கொள்ளும், தனக்கு விருப்பமான இடத்தில். தண்ணீரைக் கூட விட்டு இளக்கிக் கலப்பதை ஒருவர் பக்கத்தில் நின்று தடுக்கவேண்டும். வேலையாட்களுக்கு அது சுகம், கொங்கிறீற்றுக்கு அது வருத்தம். ஏழு நாள் சாக்குப் போட்டு நனைக்கவேண்டும், லொறி ஏற 28 நாள். கடல் மணலும் உவர்த் தண்ணீரும் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். எங்கள் ஒழுங்கையில் கம்பியே போடவில்லை. மணல் எடுக்கும்போது அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். மணற்காடு, அம்பன் பக்க மணல்மேடுகளை ஒழுங்கை ஒழுங்கையாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டு, பிறகு கடல் உள்ளே வருகிறது என்று அழுவதில் பொருளில்லை. சல்லி வன்னியிலிருந்துதான் வருகிறது. எங்கள் நிலத்தில் இருப்பது சுண்ணக்கல். அதைத் தோண்டித்தான் காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை சீமெந்து செய்தார்கள்.

நகரசபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களே போட்டுத் தருவார்களே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2018, 2019 இல் கம்பெரலிய வேலைத்திட்டத்தில் பல ஊர்களில் ஒழுங்கைகள் ஒரே மூச்சில் கொங்கிறீற் ஆகின. பொது ஒழுங்கை ஆனால் யாரும் கேற் போட முடியாது, குப்பை ரக்ரர் உள்ளே வரும், விளக்கு வரும். நாங்களும் அதைத்தான் நீண்ட காலத்துக்கு நல்லது என்று நினைக்கிறோம். ஆனால் அதற்கும் பங்காளர் எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டும், அகலம் சரியாக இருக்கவேண்டும், நிதி வரும்வரை காத்திருக்கவேண்டும். கதிரையில் தூக்கிப் போன அம்மாவுக்கு அந்தக் காத்திருப்பு நீளம். அதனால் இரண்டையும் சேர்த்து எழுதினோம். இப்போது நாங்கள் போடுகிறோம், பிறகு நகரசபை பொறுப்பேற்க முன்வந்தால் ஆறு பேரும் தடை சொல்லமாட்டோம்.

எழுதினோம் என்றால் இரண்டு பக்கம்தான். ஆறு உறுதியின் இலக்கமும் திகதியும், நாடாவில் வந்த அகலம், செலவு விகிதம், தண்ணீர் போகும் பக்கம், கேற் போடக்கூடாது என்பது, வீடு கட்ட லொறி கொண்டுவந்து உடைத்தவர் அந்தத் துண்டைத் திருத்திக் கொடுப்பது, வளவு விற்கும்போது புதிய சொந்தக்காரருக்கு இந்தப் பத்திரத்தையும் கொடுப்பது. சட்டத்தரணி ஒருவர் முன்னிலையில் கையெழுத்து. கனடாக்காரருக்குப் பிரதி போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தது. மதில் விடயத்தில் இரண்டாம் வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் இன்னும் பேச்சில்லை. ஆனால் இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

பெயர்களை எடுத்துவிட்டு அந்தப் பத்திரத்தின் மாதிரியைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். வடமராட்சியிலோ வேறெங்கோ ஒழுங்கைக் கதை தொடங்கியிருப்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறோம். உங்கள் உறுதியின் வாலை வாசித்துவிட்டுக் கேளுங்கள். ஆவணிக்குள் கேட்டால் நல்லது, ஐப்பசி மழைக்கு முன் அகழி வேலையையாவது முடித்துக்கொள்ளலாம்.